மரம் காய்க்கிறது, பழம் சரியில்லையே!

கொல்லையில் ஒரு எலுமிச்சை. வாசலில் ஒரு சாத்துக்குடி. நம் நாட்டில் இப்படி மரம் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். நாகபுரிப் பக்கம் கமலா ஆரஞ்சு வைப்பார்கள். மகாராஷ்டிரத்தின் ஜால்னா பக்கம் மொசம்பி வைப்பார்கள். மொசம்பி என்றால் வேறு ஏதோ பழம் இல்லை, நம் சாத்துக்குடி வகைதான். பஞ்சாபில் கின்னோ ஆரஞ்சு. ஆந்திரத்தின் கூடூரில் எலுமிச்சை. மேகாலயாவில் காசி ஆரஞ்சு. கர்நாடகத்தின் குடகு மலையில் குடகு ஆரஞ்சு. நாரத்தையும் இந்தக் கூட்டம்தான்.

எல்லாம் ஒரே குடும்பம். பேர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அதனால் இவற்றுக்கு வரும் தொல்லைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

மரம் தளதளவென்று நிற்கும். பூக்கும். காய்க்கும். ஆனால் பழத்தை அறுத்தால் சாறு இருக்காது. அல்லது தோல் கட்டை விரல் பருமன் இருக்கும். சில வீடுகளில் காய் மரத்திலேயே வெடிக்கும். சில வீடுகளில் பழுக்கிற நேரத்தில் பொலபொலவென்று உதிரும்.

அப்போது பலர் என்ன செய்கிறார்கள்? "ஊர்க்கண் பட்டுவிட்டது" என்று மரத்தில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சிலர் கடைக்குப் போய், கடைக்காரர் கொடுக்கிற ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து அடிக்கிறார்கள். சிலர் கோடாலியை எடுக்கிறார்கள். 5 வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் 5 நிமிடத்தில் சாய்ந்துவிடுகிறது.

செருப்பால் மரத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மருந்து அப்படி இல்லை. வீட்டு மரத்தின் பழத்தை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே நோய் என்னவென்று தெரியாமல் மருந்தைத் தொடக் கூடாது. பழம் கெடுவதற்குப் பாதிக் காரணங்கள் தண்ணீரிலும் உரத்திலும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மருந்தே வேண்டாம்.

முதலில் பழத்தை அறுங்கள்

மரத்தின் நான்கு பக்கமும் இரண்டிரண்டு பழம் பறியுங்கள். கீழே விழுந்ததில் இரண்டு எடுங்கள். எல்லாவற்றையும் குறுக்கே அறுத்து வரிசையாக வையுங்கள்.

தோலைப் பாருங்கள். சுளையைப் பாருங்கள். விதையைப் பாருங்கள். உள்ளே புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுளையை வாயில் போட்டுப் பாருங்கள்.

தோல் மட்டும் கெட்டு, உள்ளே சுளை நன்றாக இருந்தால் கவலை வேண்டாம். பிஞ்சுப் பருவத்தில் பேன் வகைப் பூச்சிகள் தோலைச் சுரண்டும். காய் பெருத்த பிறகு அந்த இடம் சாம்பல் நிறத் தழும்பாகத் தெரியும். மிகச் சிறிய சிலந்தி வகைப் பூச்சி ஒன்று தோலைத் துருப்பிடித்த நிறமாக்கும். சந்தைக்குக் கொண்டு போனால் இந்தப் பழத்துக்கு விலை குறையும். வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. தோலின் அழகுக்காக வீட்டு மரத்துக்கு மருந்து அடிப்பது வீண் செலவு.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. இரவில் நல்ல குளிர் இருந்தால்தான் ஆரஞ்சுப் பழமும் சாத்துக்குடியும் மஞ்சளாகும். நாகபுரியில் குளிர்காலத்தில் பழம் பொன்னிறமாகிறது. கடற்கரை ஊரில் வெப்பம் தணிவதில்லை. அங்கே சாத்துக்குடி நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். பச்சையாக இருக்கிறதே என்று காத்திருந்தால் பழம் மரத்திலேயே வறண்டு போகும்.

சாறு இல்லையா?

அறுத்த சுளையில் சாறு இல்லை. உள்ளே உள்ள சாற்றுப் பைகள் அரிசி போல விறைத்து, வெளுத்து இருக்கின்றன. காம்புப் பக்கம் இது அதிகமாக இருக்கும். சாத்துக்குடியிலும் கமலா ஆரஞ்சிலும் இது அடிக்கடி வரும்.

இதற்குக் காரணம் பூச்சி இல்லை. பெரும்பாலும் பழத்தை அளவுக்கு மேல் மரத்தில் விட்டு வைத்ததுதான் காரணம். பூத்ததிலிருந்து கணக்கு வைக்க வேண்டும். சாத்துக்குடியும் ஆரஞ்சும் பூத்து ஏறக்குறைய 9 மாதத்தில் பறிப்புக்கு வரும். எலுமிச்சைக்கு 5 அல்லது 6 மாதம் போதும். பூத்த மாதத்தைச் சுவரிலோ நாட்காட்டியிலோ எழுதி வையுங்கள். எழுதக் கற்றுக்கொண்டதற்கு இது ஒரு நல்ல பயன்.

அந்த மாதம் வந்ததும் வாரம் ஒரு பழம் அறுத்துச் சுவை பாருங்கள். புளிப்புக் குறைந்து இனிப்புத் தெரிகிறபோது பறித்துவிடுங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும், இனிக்கும். சாத்துக்குடியும் ஆரஞ்சும் அப்படி இல்லை. பறித்த பிறகு தோலின் நிறம் மாறலாம், இனிப்பு ஏறாது. சீக்கிரம் பறித்தால் புளிப்பு. தாமதமாகப் பறித்தால் சக்கை.

பறிக்கும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் காம்போடு தோலும் பிய்ந்து வரும். அந்த ஓட்டை வழியாகப் பூசணம் நுழையும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்டி வெட்டுங்கள்.

சாறு குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி நிற்கும் மரத்தைப் பாருங்கள். சாணமும் கோமியமும் ஆண்டு முழுவதும் அதன் வேருக்குப் போகின்றன. இலை கருகருவென்று இருக்கும். கிளை ஓங்கி வளரும். பழமும் பெரிதாக இருக்கும். ஆனால் தோல் தடித்து, சாறு குறைந்திருக்கும். பழுக்கவும் தாமதமாகும். தழைச்சத்து மிஞ்சிப் போனதன் அடையாளம் இது. யூரியாவைக் கை நிறைய அள்ளிப் போட்டாலும், கோழி எருவைக் கூடை கூடையாகக் கொட்டினாலும் இதே கதைதான்.

இந்த மரத்துக்கு ஒரு வருடம் தழை உரத்தை நிறுத்துங்கள். கழிவு நீர் வாய்க்காலை வேறு பக்கம் திருப்புங்கள். மணிச்சத்துக் குறைந்தாலும் தோல் தடிக்கும், பழத்தின் நடுவில் பொந்து விழும். சாம்பல் சத்துக் குறைந்தால் பழம் சிறுத்துப் போகும். ஆகவே ஒரே உரத்தைத் திரும்பத் திரும்பப் போடாமல், மட்கிய தொழுவுரம், சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் சேர வேண்டும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. மண்ணைச் சோதித்துச் சொல்ல மாவட்டங்களில் வேளாண்மை அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது.

உரத்தைத் தூரின் மேல் கொட்டக் கூடாது. தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் போட்டு, மண்ணோடு கலந்து, தண்ணீர் விட வேண்டும். உணவு எடுக்கும் சிறு வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. கொத்தும்போது ஆழமாகக் கொத்தக் கூடாது. இந்தக் குடும்பத்து மரங்களுக்கு வேர் மேலாகவே ஓடும்.

மரம் இளசாக இருந்தாலும் முதல் ஓரிரு காய்ப்பில் தோல் தடிப்பாகத்தான் இருக்கும். அது தானாகவே சரியாகும். முதல் காய்ப்பைப் பார்த்துவிட்டு மரத்தை வெட்டுவது அவசரம்.

சாத்துக்குடி எப்படி எலுமிச்சை ஆயிற்று?

இது பல வீடுகளில் நடக்கிறது. காசு கொடுத்துச் சாத்துக்குடி ஒட்டுக்கன்று வாங்கி வைக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் நல்ல பழம் வருகிறது. பிறகு திடீரென்று தோல் கரடுமுரடான, நாக்கில் வைக்க முடியாத புளிப்புப் பழம் வருகிறது. "நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று திட்டுகிறார்கள். பக்கத்தில் எலுமிச்சை மரம் இருப்பதால் மகரந்தம் கலந்து புளித்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. பக்கத்து மரத்தின் மகரந்தத்தால் சாத்துக்குடியின் சுளை எலுமிச்சை ஆகாது.

உண்மை என்ன? ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகள் சேர்ந்த ஒன்று. மேலே சாத்துக்குடி. கீழே வேர் மட்டும் வேறு செடி. ஜம்பேரி என்னும் முரட்டு எலுமிச்சையையோ, ரங்பூர் எலுமிச்சையையோ வேருக்காக வளர்க்கிறார்கள். அதன் தண்டில் சாத்துக்குடியின் ஒரு மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். மொட்டு துளிர்த்ததும் மேலே உள்ள எலுமிச்சைத் தண்டை வெட்டிவிடுகிறார்கள். கட்டிய இடம் தூரில் ஒரு முடிச்சு போலத் தெரியும்.

அந்த முடிச்சுக்குக் கீழே இருந்து ஒரு கிளை முளைத்தால், அது சாத்துக்குடி இல்லை. அது ஜம்பேரி. முரட்டுச் செடி ஆதலால் வேகமாக வளரும். முள் அதிகம் இருக்கும். இலையும் மாறுபட்டிருக்கும். "கிளை நன்றாக வருகிறதே" என்று அதை வளர விடுகிறார்கள். அது சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மேலே உள்ள சாத்துக்குடி மெலிந்து காய்ந்து போகும். கடைசியில் நிற்பது ஜம்பேரி மட்டுமே. ஆடு மேலே மேய்ந்துவிட்டாலும் இப்படி ஆகும்.

மரத்தடியில் குனிந்து முடிச்சைத் தேடுங்கள். கீழே முளைத்த போத்து சிறிதாக இருந்தால் கையாலேயே அடியோடு கிள்ளுங்கள். பெரிதாகிவிட்டால் தூரை ஒட்டி ரம்பத்தால் அறுங்கள். மேலே சாத்துக்குடி உயிரோடு இருந்தால் மறுபடி தழைக்கும்.

மேலே முழுவதும் செத்துவிட்டதா? அப்போதும் கோடாலி வேண்டாம். வேர் நல்ல வேர். மொட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரை அழைத்து, அந்தப் போத்திலேயே புதிதாகச் சாத்துக்குடி மொட்டு வைக்கச் சொல்லலாம். புதுக் கன்று நட்டுக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் காய்க்கும்.

இந்த முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கன்று நடும்போது பலர் இதைப் புதைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. ஏன் என்று பின்னால் வருகிறது.

காய் வெடிப்பதும் தண்ணீர் விடுவதும்

வெயில் காலத்தில் மரத்தை மறந்துவிடுகிறோம். தோல் இறுகிப் போகிறது. பிறகு ஒரு நாள் பெருமழை வருகிறது. அல்லது திடீரென்று நினைவு வந்து பத்துக் குடம் ஊற்றுகிறோம். சுளை தண்ணீரைக் குடித்துப் பெருக்கிறது. இறுகிய தோலால் விரிய முடியவில்லை. காய் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் எறும்பும் பூசணமும் புகுந்துவிடுகின்றன.

மழையை நிறுத்த முடியாது. ஆனால் மண் ஒரேயடியாகக் காயாமல் பார்த்துக்கொள்ளலாம். பூத்ததிலிருந்து பறிக்கும் வரை சீராகத் தண்ணீர் விடுங்கள். ஒரு விரல் ஆழம் மண்ணைக் கிளறினால் ஈரம் தெரிய வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டை நார், எது கிடைத்தாலும் பாத்தியில் மூடாக்காகப் பரப்புங்கள். மூடாக்கு தூரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

குளியல் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் முழுவதையும் எலுமிச்சைக்கு விடும் பழக்கம் உண்டு. தண்ணீர்ப் பஞ்ச ஊரில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சலவைத் தூளில் உப்பும் காரமும் இருக்கின்றன. இந்த மரம் உப்பைத் தாங்காது. இலை நுனி கருகும். இளம் இலை வெளுக்கும். காய் சிறுக்கும். அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். வேறு வழியே இல்லை என்றால் அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் மட்டும் விடுங்கள்.

இனி தூருக்கு வருவோம். தூரைச் சுற்றிக் குழி வெட்டி, அதில் தண்ணீர் தேங்கும்படி விடுகிறோம். தூர் எப்போதும் நனைந்தே இருக்கிறது. மண்ணில் உள்ள ஒரு பூசணம் பட்டைக்குள் நுழைகிறது. பட்டை வெடித்துப் பிசின் வடிகிறது. வேரிலிருந்து மேலே சத்துப் போவது தடைப்படுகிறது. காய் சிறுத்து, இலை மஞ்சளாகி, மரமே மெல்லச் சாகிறது. அடியில் உள்ள முரட்டுச் செடியைவிட மேலே உள்ள சாத்துக்குடிப் பட்டைக்கு இந்த நோய் எளிதில் வரும். முடிச்சைப் புதைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தூரைச் சுற்றி மண்ணைக் கூம்பாக அணையுங்கள். முடிச்சு வரை அணைக்காதீர்கள். அதைச் சுற்றி வட்டமாக ஒரு சிறு வரப்பு. வரப்புக்கு வெளியே தண்ணீர் நிற்கும் பாத்தி. இப்படி இரட்டை வட்டமாகப் பாத்தி கட்டினால் தூர் நனையாது, வேருக்குத் தண்ணீர் போகும்.

பிசின் வடியத் தொடங்கிவிட்டால், கூரான கத்தியால் அழுகிய பட்டையை மட்டும் சுரண்டி எடுங்கள். சுரண்டியதைக் கீழே போடாமல் எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் மயில்துத்தப் பசையைத் தடவுங்கள். அதைச் செய்வது எப்படி என்று கீழே இருக்கிறது.

ராத்திரியில் வரும் திருடன்

பழம் நிறம் மாறுகிற நேரம். காலையில் எழுந்தால் மரத்தடியில் ஏழெட்டுப் பழம் கிடக்கிறது. ஒரு பழத்தை எடுத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒரு துளை. துளையைச் சுற்றித் தோல் பழுப்பாகி மெத்தென்று இருக்கும். அமுக்கினால் துளை வழியாகச் சாறு பீச்சும்.

இது ஒரு பெரிய அந்துப்பூச்சியின் வேலை. பகலில் அதைப் பார்க்கவே முடியாது. இருட்டிய பிறகு வரும். உறுதியான தன் குழலைப் பழத்தில் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தத் துளை வழியே பூசணம் நுழைந்து, சில நாளில் பழம் அழுகி விழும்.

பகலில் எந்த மருந்து அடித்தாலும் இது சாகாது. இதன் புழு உங்கள் மரத்தில் இல்லை. அது வேலியில் படர்ந்திருக்கும் சீந்தில் கொடியில் வளர்கிறது. சீந்தில் மருந்துக் கொடிதான், இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பழ மரத்துக்கு அருகில் அது வேண்டாம். வேலியிலிருந்து அகற்றிவிடுங்கள்.

வீட்டில் ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழம் நிறம் மாறும் முன்பே ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை அல்லது பழைய துணிப் பை கட்டிவிடலாம். தோட்டக்காரருக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவது கடினம். வீட்டு மரத்துக்கு ஒரு மாலை நேரம் போதும். விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அழுகிய வாசனைக்கு இன்னும் பூச்சிகள் வரும். டார்ச் விளக்கோடு இரவு 8 மணிக்கு மேல் போய்ப் பார்த்தால் கையாலேயே பிடித்துக் கொல்லலாம்.

விழுந்த பழத்தை அறுத்தபோது உள்ளே வெள்ளைப் புழு நெளிந்ததா? அப்படியானால் அது அந்துப்பூச்சி இல்லை, பழ ஈ. அதற்கும் பை கட்டுவதும், விழுந்ததைப் புதைப்பதும்தான் நல்ல வழி.

எலுமிச்சையில் சொறி

எலுமிச்சைக்கு என்றே வந்தது போன்ற நோய் இது. இலையில், இளங்கிளையில், காயில் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் எழும்பும். தடவினால் மணல் தாள் போல இருக்கும். இலையில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். பாக்டீரியா என்னும் நுண்ணுயிரால் வருகிறது. மழைச் சாரலும் காற்றும் இதைப் பரப்புகின்றன. இலைக்குள் பாம்பு ஓடியது போல வெள்ளைக் கோடு போடும் சிறு புழு உண்டு. அந்தப் புழு செய்த காயத்தில் சொறி எளிதாகப் பிடிக்கும்.

சொறி உள்ள எலுமிச்சையின் சாறு கெடுவதில்லை. அளவாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதிகமானால் இலையும் பிஞ்சும் உதிரும். அப்போது மழைக்காலத்துக்கு முன்பே நோய் கண்ட குச்சிகளை வெட்டி எரிக்க வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசல் அடிக்க வேண்டும். போர்டோ கலவை என்று இதைச் சொல்வார்கள். வீட்டிலேயே செய்யலாம்.

மயில்துத்தம் 100 கிராம். நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். தண்ணீர் 10 லிட்டர். மண் பானை அல்லது பிளாஸ்டிக் வாளி எடுங்கள். இரும்பு வாளி கூடாது. 5 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரையுங்கள். வேறு வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி ஆற விடுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். வானத்து நீல நிறம் வரும்.

தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். இல்லாவிட்டால் இலை கருகும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு உதவாது.

இதே சரக்கை 10 லிட்டருக்குப் பதிலாக 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் பசை. தூரில் தடவுவதற்கு அதுதான்.

மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அடித்த பிறகு கைகால், உடுப்பு எல்லாம் கழுவ வேண்டும்.

கடையில் மருந்து வாங்கும்போது டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாதவருக்காகவே வைத்த அடையாளம் அது. எழுத்துத் தெரிந்தவர் அதோடு நிற்கக் கூடாது. எந்தப் பயிருக்கு, எத்தனை மில்லி, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், காலாவதி தேதி என்ன என்று நான்கையும் படிக்க வேண்டும். படிக்க முடியாதபடி பொடி எழுத்தாக இருந்தால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது நம் உரிமை. பூ விரிந்திருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம். தேனீ செத்தால் காய்ப்பும் குறையும்.

இலை சொல்வது

இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, நடுவே மஞ்சளாக இருக்கிறதா? துத்தநாகச் சத்துக் குறைவு. நம் நாட்டு மண்ணில் இது அதிகம். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 25 கிராம் சுண்ணாம்பும் கலந்து, வடிகட்டி, புதுத் தளிர் விரியும்போது இலை நனைய அடியுங்கள். அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும். பழைய இலை தேறாவிட்டாலும் பரவாயில்லை.

பறவை எச்சம் போலவே தோன்றும் புழுக்கள் இளம் இலையைத் தின்னும். அவற்றைப் பொறுக்கிப் போட்டால் போதும். மரம் மற்ற மரங்களின் நிழலில் இருந்தால் எந்த உரமும் உதவாது. மேலே உள்ள கிளையைக் கழித்து வெயில் விடுங்கள்.

மருந்தில்லாத நோய்

இதுவரை சொன்ன எதற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றுக்கு வெட்டத்தான் வேண்டும். அதன் பெயர் கிரீனிங் நோய்.

பழம் ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக இருக்கும். காம்புப் பக்கம் நிறம் மாறினாலும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். அறுத்தால் விதை பதராக, கறுத்துக் கிடக்கும். சுவை கசக்கும். இலையில் மஞ்சள் திட்டுகள் தெரியும். துத்தநாகக் குறைவில் இலையின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இந்த நோயில் இடப்பாதி ஒரு மாதிரி, வலப்பாதி ஒரு மாதிரி இருக்கும். முதலில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகும். பிறகு மரம் முழுவதும் பரவும்.

இதுவும் நுண்ணுயிரால் வருகிறது. சைலா என்னும் மிகச் சிறிய பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சி, மரத்துக்கு மரம் கொண்டு போகிறது. கறிவேப்பிலையிலும் இந்தப் பூச்சி வளரும். நோய் உள்ள மரத்திலிருந்து மொட்டு எடுத்துக் கட்டினாலும் கன்றுக்கு நோய் வந்துவிடும். குடகு மலையில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததற்கு இந்த நோயும் ஒரு காரணம். பழத்தைச் சாப்பிட்டால் மனிதருக்கு எதுவும் ஆகாது. ஆனால் நோய் வந்த மரத்தைக் குணமாக்க வழி இல்லை.

இங்கேதான் மனது வலிக்கும். மரம் இன்னும் காய்க்கும். இலை இருக்கும். அப்பா வைத்த மரமாகவும் இருக்கலாம். ஆனால் அது நிற்கிற ஒவ்வொரு தளிர்க் காலத்திலும் பக்கத்து வீட்டு மரத்துக்கு நோய் போகிறது. சந்தேகம் வந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். முதலில் ஜிங்க் சல்பேட் அடித்துப் பாருங்கள். புதுத் தளிரும் திட்டுத்திட்டாகவே வந்தால், இலையையும் பழத்தையும் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2004 இல் மத்திய அரசு தொடங்கிய விவசாயிகள் அழைப்பு மையம் அது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். நோய் உறுதியானால் மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தில் மறுபடி எலுமிச்சையோ சாத்துக்குடியோ வைக்க நினைப்பவர்கள், சந்தையில் கூடையில் வைத்து விற்கும் கன்றை வாங்க வேண்டாம். அது எந்த மரத்தின் கன்று என்று விற்பவருக்கே தெரியாது. நாகபுரியில் 1985 இல் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயில்லாத தாய் மரத்திலிருந்து கன்று எடுக்கும் வேலையை அங்கே செய்கிறார்கள். நமக்கு அருகில் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பண்ணையிலோ அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ கேட்கலாம். மொட்டு எந்த மரத்திலிருந்து எடுத்தது, அடிச்செடி எது என்று கேளுங்கள். முடிச்சு மண்ணிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது வாங்கி, வகையின் பெயரையும் தேதியையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.